காலால் மிதிக்கும் வாத்தியம்

தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று கருவிகளைப் பிரித்து வைத்த தமிழ் இசை மரபில் அந்தமான் பலகைக்கு இடமில்லை. படாக் மரத்தைக் கேடய வடிவில் செதுக்கி, உட்புறம் குடைந்து, தரையில் கவிழ்த்துக் காலால் மிதிப்பார்கள். தெற்கு அந்தமான் ஆதிவாசிகளின் ஆட்டத்துக்கு அதுதான் தாளம். பெயர் புக்குதா யெம்ங்கா. அந்தப் பெயரைத் தந்த மொழியைப் பேச இன்று ஆளில்லை.

அந்தமானியர்களுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அதிகாரி எம்.வி. போர்ட்மன் 1888இல் அவர்களுடைய இசை பற்றிக் கட்டுரை எழுதினார். படித்தால் பலகை கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்காது. கிரேட் அந்தமானியர்களின் எண்ணிக்கை 1901 கணக்கெடுப்பில் 625. 1961இல் 19. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி முன்பே அவர் குரலைப் பதிவு செய்திருந்ததால் அதாவது மிஞ்சியது.

இன்று ஒரு மைக்கும் லேப்டாப்பும் போதும். பலகையின் ஒவ்வொரு மிதியையும் தனித்தனியே பதிந்து, வெட்டி, கீபோர்டில் ஏற்றிவிடலாம். 'சாம்பிள்' என்பது இதுதான். 1979இல் ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட் கருவியோடு சந்தைக்கு வந்த வித்தை. 'ரோஜா'வுக்குப் பிறகு தமிழ்க் காதுகளுக்கும் பழகிப்போனது.

எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டால், எது அழுக்கைச் சுத்தமாக நீக்கும் என்றுதான் கடைக்காரரும் நண்பரும் பேசுவார்கள். பியானோவுக்கு அது சரி. கெட்டுப்போனால் நாளை மறுபடி வாசித்துக்கொள்ளலாம். இந்தப் பலகைக்கு அந்த நாளை நிச்சயமில்லை. எது குறைவாகக் கெடுக்கும் என்பதே இங்கே கேள்வி.

ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் தீவு. மழையும் பூச்சியும் அலையும் பதிவில் ஏறத்தான் செய்யும். இரைச்சலை நீக்கும் வசதி, சில நொடி வெறும் இரைச்சலை மாதிரியாக எடுத்துக்கொண்டு, பதிவு முழுவதிலிருந்தும் அதைக் கழிக்கிறது. அத்தோடு மிதிக்குப் பின் மரத்தில் மெல்ல அடங்கும் அதிர்வும் போய்விடும். எல்லா மிதியையும் ஒரே உரப்புக்கு உயர்த்தும் இன்னொரு வசதி, மெல்ல வைத்த காலையும் ஓங்கி மிதித்த காலையும் ஒன்றாக்கிவிடும். எம்பி3 இன்னும் மோசம். அடி விழுவதற்கு முன்பே அதன் பூச்சொலி கேட்கும் அதிசயத்தை அதில்தான் காணலாம்.

ஆகவே 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், 'வேவ்' கோப்பு. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி. இந்தக் காலத்தில் அது ஒரு செலவே அல்ல. 1991இல் வந்த வேவ் இன்றும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிறது. சாஃப்ட்வேர்களின் கதை வேறு. ஒரு காலத்தில் பலரும் கொண்டாடிய கூல் எடிட், 2003இல் அடோபியின் கைக்குப் போய் ஆடிஷன் ஆனது. இப்போது சந்தா கட்டினால்தான் திறக்கும்.

சந்தா என்றால் இணையம் வேண்டும். சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில்தான் தீவுகளை எட்டியது. அன்றைய போர்ட் பிளேரும் வேறு ஏழு தீவுப் பகுதிகளும் அதில் இணைந்தன. கிரேட் அந்தமானியர்களை அரசு குடியமர்த்திய ஸ்ட்ரெய்ட் தீவு அந்தப் பட்டியலில் இல்லை.

மிஞ்சுவது இரண்டு. ஆடாசிட்டி இலவசம், இணையமின்றி ஓடும், பள்ளிப் பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதன் பல வேலைகள் ஒலியையே மாற்றிவிடும். 2022இல் வந்த 3.2 பதிப்புதான், கேட்டுக்கொண்டே விளைவுகளைப் போட்டு எடுக்கும் வசதியைத் தந்தது. ரீப்பர் சற்றுக் கடினம். தனியாருக்கு 60 டாலர், முதல் 60 நாள் சோதனை. ஆனால் எத்தனை முறை வெட்டினாலும் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அது முந்துகிறது. கையில் காசில்லாதவர் ஆடாசிட்டியை எடுக்கலாம், மூலத்தை நகலெடுத்து இரண்டு இடத்தில் பூட்டி வைத்த பிறகு.

ரீப்பருக்கு இன்னொரு சாதகம் உண்டு. ஒலிபரப்பு நிலையங்களுக்காக 1997இல் வகுக்கப்பட்ட வேவ் வடிவத்தில், கோப்புக்குள்ளேயே குறிப்பு எழுதலாம். இது சின்ன விஷயமில்லை. ஆதிவாசிகளின் காப்புப் பகுதிக்குள் அனுமதியின்றிப் போவதை 1956 ஒழுங்குமுறை தடுக்கிறது. ஆனால் முறையாகப் பதிவான ஒலி, 'ராயல்டி கிடையாது' என்ற சீட்டோடு உலகச் சந்தைக்குப் போனால் தடுப்பவர் யார்? 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் ஆசிரியர் அதைத் தயாரித்தவர். மிதித்தவர் யார், எங்கே, எந்த நாளில், எதற்குச் சம்மதித்தார் என்பதையெல்லாம் முதல் வெட்டு விழும் முன்பே அந்தக் குறிப்பில் எழுதிவிட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் மைக்கை மடித்து வைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.