வாசலிலேயே இறங்கிவிடுங்கள்



திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடத்தியிராத குடும்பம்கூட அங்கே ஒருமுறையாவது போய்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கும். விடிவதற்குள் ஹோமம், கலச நீராட்டு, பேரன் பேத்திகள் வேடிக்கை பார்க்கத் தாத்தா மறுபடி தாலி கட்டுவது, இலை போட்டுச் சாப்பாடு. உச்சிவெயிலுக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும். வேன் டிரைவர் கிளம்பலாமா என்று எட்டிப் பார்ப்பார். பெரியவர்கள் முன் சீட்டில் கண்ணயர, பிள்ளைகள் பின் சீட்டில் செல்போனுக்குள் மூழ்க, வண்டி நேராக ஊர் திரும்பும்.

அந்த வேனை ஒரு மாலைப்பொழுது மட்டும் எதிர்த்திசையில் திருப்பச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். திருக்கடையூரிலிருந்து தெற்கே ஏழெட்டு கிலோமீட்டர் போனால் தரங்கம்பாடி. தாத்தா, மகன், பேரன் மூவரும் ஒரே இடத்தில், ஒரே நாளில், நல்ல மனநிலையில் இருப்பது அடிக்கடி வாய்க்கிற காரியமா என்ன? அந்த நாளைத் தேசிய நெடுஞ்சாலையில் செலவழிப்பானேன்?

குடும்பத்தோடு நடக்க ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் சோர்வதற்குள் ஊர் முடிந்துவிட வேண்டும். பல சுற்றுலா ஊர்கள் இதில் தோற்றுவிடும். தரங்கம்பாடி தேறிவிடும். நகர வாசலிலிருந்து கடல் வரைக்கும் ஏறத்தாழ அரை கிலோமீட்டர்தான். முட்டி வலிக்காரப் பாட்டியும் நாலு வயதுப் பொடியனும் ஒரே வேகத்தில் கடக்கக்கூடிய தூரம்.

ஊர் இப்படிச் சிறியதாகவே நின்றுபோனதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானோடு உடன்படிக்கை செய்து, ஆண்டுக்கு 3,111 ரூபாய் குத்தகைக்கு இந்தக் கரையைக் கொடுத்தார். அவர் பொன்தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வந்தவர்களுக்கு வேண்டியது மிளகு. அதற்காகக் கோட்டை கட்டினார்கள், மதில் எழுப்பினார்கள், இரண்டு நூற்றாண்டு இருந்தார்கள். லாபம் வற்றியதும், 1845-இல், வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்களுக்கு இந்தத் துறைமுகத்தின்மேல் பெரிய அக்கறை இல்லை. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் இருந்த கொஞ்ச வணிகமும் அங்கே போயிற்று. பிற்பாடு மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கும் ஒரு ரயில் ஓடியது, அதுவும் நின்றுவிட்டது. வளர வழியில்லாமல் போன ஊர், அந்தக் காரணத்தாலேயே இடிபடாமலும் தப்பித்தது.

சரி, நடக்கலாம். வண்டியை நகர வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே கோட்டை வரை வண்டி போகும்தான், போக விடாதீர்கள். இப்போது நிற்கும் வெள்ளை வாசல் 1792-இல் கட்டியது. பிள்ளைகளிடம் இங்கே ஒரு வேலையைக் கொடுத்துவிடலாம்: போகிற வழியில் எந்தக் கட்டடத்தின் முகப்பிலாவது கிரீடமோ, எழுத்துகளைப் பின்னிய முத்திரையோ, ஆண்டோ தென்பட்டால் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். வரலாறு சொல்லிக்கொண்டே நடந்தால் மூன்றாவது நிமிடத்தில் ஐஸ்கிரீம் கேட்பார்கள். தேடச் சொன்னால் நமக்கு முன்னே ஓடுவார்கள்.

வாசலைத் தாண்டினால் கிங் தெரு. வலப்புறம் இடப்புறம் என்று நான் வரிசை சொல்லப் போவதில்லை. தெரு நேரானது, எதுவும் தப்பாது. 1701-இன் சீயோன் ஆலயம், 1718-இன் புதிய எருசலேம் ஆலயம் இரண்டும் இந்தத் தெருவில்தான். இரண்டாவதன் முன்னால் கொஞ்சம் நிழல் பார்த்துப் பெரியவர்களை உட்கார வையுங்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை.

அந்த ஆலயத்தைக் கட்டியவர் சமயம் பரப்ப வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு. 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையிறங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நாலு. தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. ஊர் வாத்தியார் ஒருவரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டில் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிக் கற்றுக்கொண்டார். இரண்டே ஆண்டில் தமிழ் ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் பட்டியல் போடும் அளவுக்கு வந்துவிட்டார். ஊரை ஆண்ட டேனிஷ் ஆளுநருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. நாலு மாதம் கோட்டைச் சிறையில் கிடந்தார். டென்மார்க் அரசரே கூப்பிட்டு அனுப்பிய ஆளை அதே அரசரின் அதிகாரி சிறையில் போட்ட கதையைப் பிள்ளைகள் மிகவும் ரசிப்பார்கள்.

அதைவிடவும் ரசிப்பது அச்சுக் கதையை. அச்சுப்பொறி கப்பலில் வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். ஆனால் எழுத்துகள் பெரிது, ஒரு பக்கத்தில் பத்து வரி ஏறினாலே அதிகம் என்கிற மாதிரி. காகிதமோ கடல் கடந்து வர வேண்டும். சிறிய எழுத்து இங்கேயே வார்க்க ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈய உறையை உருக்கி வார்த்தார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பாலாடைக்கட்டியை யார் தின்று தீர்த்தார்கள் என்பதை எழுதக் காணோம். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதப் பற்றாக்குறைக்குப் பக்கத்துப் பொறையாறில் பட்டறை போட்டார்கள். அந்த இடத்தைக் கடுதாசிப்பட்டறை என்றே இன்றும் சொல்கிறார்கள். மாதாமாதம் காகித விலையோடு மல்லுக்கட்டும் ஒரு பத்திரிகை ஆசிரியன் இந்தத் தெருவில் சற்றுக் கூடுதலாகவே நின்றால் நீங்கள் மன்னிப்பீர்கள். சீகன்பால்கு 1719-இல், முப்பத்தாறு வயதில் இறந்தார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய பெரிய நூலை, சமயம் பரப்பப் போனவர் இதையெல்லாம் எழுதுவதா என்று ஹாலேயில் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அது சென்னையில் அச்சேற 1867 ஆயிற்று.

தெரு முடிகிற இடத்தில் திறந்த மைதானம். ஆளுநர் மாளிகை, எதிரே கோட்டை, அப்பால் கடல். டான்ஸ்போர்க் கோட்டையைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, எல்லாப் புகைப்படத்திலும் அதுதான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும், மேல்தளத்தில் ஆளுநர் தங்கிய அறைகள். உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. மாலை மூடுவதற்குள் நுழைந்துவிடுங்கள், கால் மணி நேரம் போதும். படியேற முடியாத பெரியவர்கள் முற்றத்திலேயே இருக்கலாம். அவர்கள் எதையும் இழந்துவிட மாட்டார்கள்.

எனக்கு இந்த ஊரில் ஒரு குறை உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். ஏதோ டென்மார்க்காரர்கள் வந்து இறங்கும் வரைக்கும் இங்கே வெறும் மணல் மட்டும் இருந்த மாதிரி! கடலோரமாகவே கொஞ்சம் வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்தது. கோட்டைக்கு முந்நூறு ஆண்டு மூத்தது. முன்பகுதி முழுவதையும் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. எஞ்சியதைச் சீர்செய்து, முன்னால் பாறாங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். வேறு எங்கும் பிள்ளைகளுக்குக் கடலரிப்பைப் பாடமாகத்தான் சொல்ல முடியும். இங்கே கையால் காட்டலாம்.

திரும்பும்போது வந்த வழியே வராதீர்கள். குயின் தெருவழியாகவோ, பொற்கொல்லர் தெருவழியாகவோ, பள்ளிவாசல் பக்கமாகவோ வாருங்கள். திண்ணையும் மரத்தூணும் ஓட்டுக்கூரையும் உள்ள பழைய வீடுகள் சிலவற்றைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். புதுப்பிக்காத வீடுகளும் இருக்கின்றன; எனக்கு அவையும் பிடிக்கும். பெரியவர்கள் இந்தத் தெருக்களில் தாமாகவே பேச ஆரம்பிப்பார்கள். தங்கள் பிறந்த வீட்டில் ரேழி எங்கே இருந்தது, பத்தாயம் எங்கே இருந்தது என்றெல்லாம். கேட்டுக்கொண்டே வாருங்கள்.

மீனவர் குடியிருப்புப் பக்கம் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அன்று வீட்டாரை இழந்தவர்கள்தான் இன்று அங்கே உட்கார்ந்து வலை பின்னுகிறார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வணக்கம் சொல்லிவிட்டு இன்று என்ன மீன் பட்டது என்று கேட்டால் அவர்களே பேசுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கோடை விடுமுறையில் போகிற பிள்ளைகள் கரையில் ஓய்ந்து நிற்கும் படகுகளைப் பார்த்துக் காரணம் கேட்டால், மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று சொல்லுங்கள்.

காற்றில் ஓசோன் நிறைந்த கடற்கரை இது, இழுத்து மூச்சுவிட்டால் உடம்புக்கு நல்லது என்று யாராவது ஒருவர் உங்களிடம் சொல்லாமல் இருக்க மாட்டார். ஓசோன் வானத்தின் மேலடுக்கில் இருந்தால்தான் நமக்கு நல்லது. மூக்கு வழியாக உள்ளே போனால் நுரையீரலை எரிச்சலூட்டும். கடல் வாசனைக்குப் பெருமளவு காரணம் நுண்ணுயிர்கள் வெளிவிடும் கந்தகச் சேர்மம் ஒன்று. இதைச் சொல்லிக் குறுக்கே விழ வேண்டியதில்லை; காற்று நன்றாகத்தான் இருக்கிறது.

நேரம் பற்றி: மதியம் நாலுக்கு மேல் நடையைத் தொடங்குங்கள். கிழக்குக் கடற்கரை என்பதால் மாலையில் கட்டடங்களின் நிழல் கடலை நோக்கி நீளும். மணலில் உட்காரக் கோட்டையே குடை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். தை, மாசி மிக நல்லது. பட்டுப்புடவையைத் திருக்கடையூரிலேயே மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். கடலில் கால் நனைக்கலாம், குளிக்க இறங்க வேண்டாம். அலை முரடு, கோயில் பக்கம் தண்ணீருக்கடியில் கல் கிடக்கிறது. தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய், காலியானதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு நடை இருக்கும். நாகூரோ, கொற்கையோ, காயல்பட்டினமோ, சதுரங்கப்பட்டினமோ, எதுவானாலும் எழுதி அனுப்புங்கள். நல்லவற்றை வரும் இதழ்களில் தொடர்ந்து வெளியிட எண்ணம். வரலாறு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அதை நாங்கள் தேடிச் சேர்த்துக்கொள்வோம். எத்தனை படி ஏற வேண்டும், உட்காரத் திண்ணை எங்கே உண்டு, டீக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும், கழிப்பறை எங்கே இருக்கிறது என்பவற்றை மட்டும் விடாமல் எழுதுங்கள். பாட்டிகள் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
ஆசிரியர்