மூடிய குழியும் திறக்கும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு பிற்பகல். என் ஏழு வயது மகள் பல்லாங்குழிப் பலகையைக் கவிழ்த்துவிட்டு அழுதாள். புளியங்கொட்டைகள் கூடமெங்கும் சிதறின. எதிரே அமர்ந்திருந்த என் அம்மா அசையவில்லை. “பொறுக்கிட்டு வா கண்ணு, அடுத்த ஆட்டம் இருக்கு” என்றார். எனக்குச் சினம் வந்தது. குழந்தைக்கு ஒருமுறை விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அவளோடு ஆடும்போதெல்லாம் நான் அப்படித்தான் செய்துவந்தேன். காய்களை அள்ளித் தரக்கூடிய குழியை விட்டுவிட்டு, ஒன்றும் கிடைக்காத குழியைத் தேடி எடுப்பேன். அதை அன்பென்றே எண்ணியிருந்தேன்.

இரவில் அமைதியாக யோசித்தபோதுதான் புரிந்தது. அவளை அழவைத்தது அம்மாவின் கண்டிப்பு அன்று, என் பெருந்தன்மை. தெருப்பிள்ளைகளின் ஆட்டத்தில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்றொரு வழக்கு உண்டு. சிறு பிள்ளையையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அதன் வெற்றி தோல்வி கணக்கில் வராது. என் மகளை நான் பல மாதங்களாக ஒப்புக்குச் சப்பாணியாகவே வைத்திருந்தேன். அம்மாதான் அவளை ஓர் ஆட்டக்காரியாக மதித்தார்.

பல்லாங்குழியின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள். காய்க்கணக்கு ஊருக்கு ஊர் மாறும்; எங்கள் வீட்டில் குழிக்கு 5, ஆகவே ஆளுக்கு 35. ஆட்டம் முடிந்ததும் அவரவர் வென்ற காய்களைக் கொண்டு தம் குழிகளை மீண்டும் நிரப்ப வேண்டும். 22 காய்களே கிடைத்தவர் நான்கு குழிகளை நிரப்பி, இரண்டைக் கையில் வைத்துக்கொள்வார். மற்ற மூன்று குழிகளும் அவருக்கு மூடப்படும். ஆனால் அவர் வெளியேற்றப்படுவதில்லை. இருக்கும் நான்கைக் கொண்டு ஆடலாம். அடுத்த சுற்றில் காய் சேர்ந்தால் மூடிய குழியையும் மீட்கலாம். ஒரு குழியைக்கூட நிரப்ப இயலாதபோதுதான் முழுத் தோல்வி. பள்ளி விழாக்களில் ஆடும் இசை நாற்காலியோ முதலில் தோற்ற குழந்தையை ஓரமாக நிற்கவைத்து வேடிக்கை பார்க்கச் சொல்கிறது. இழந்தபின்னும் ஆடுவதற்கு இடம் தருவது எந்த ஆட்டம் என்பதை நாம் கேட்க வேண்டாமா?

நம் இலக்கியம் இதை அறியாததன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என ஒன்றையே வகுத்தார்கள். சிறுமியர் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாமென இறைஞ்சுவதே அதன் பொருள். நாச்சியார் திருமொழியில் ஆண்டாளும் கண்ணனிடம் இதையே வேண்டுகிறாள். கலித்தொகையில் கபிலரின் குறிஞ்சிக்கலித் தலைவி, அன்று தன் சிற்றிலைக் காலால் சிதைத்த சிறுவனை வளர்ந்தபின் தோழியிடம் நினைவுகூர்கிறாள். அந்நினைவில் குற்றச்சாட்டும் உண்டு, கனிவும் உண்டு. இழப்பு அங்கே காயமாக உறையவில்லை, கதையாக மாறிவிட்டது.

சுவிட்சர்லாந்துச் சிறுவர்கள் கோலி ஆடுவதைக் கூர்ந்து நோக்கிய உளவியலாளர் ழான் பியாஜே, 1932இல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் காட்டினார். விதியென்பது பெரியவர்கள் இறக்கிவைத்த கட்டளை என்று நம்பும் குழந்தை, வளர வளர, அது ஆடுவோரின் உடன்பாடு என்று உணர்கிறது. முறை வரும்வரை காத்திருத்தல், கள்ளமின்றி எண்ணுதல், சிதறியதைப் பொறுக்கிவைத்தல் ஆகிய நற்பழக்கங்கள் அந்த உடன்பாட்டிலிருந்தே வேர்விடுகின்றன என்பது என் எண்ணம்.

ஆகவே விளையாட்டையும் ஒரு பாடவேளையாக்கி, ‘மனத்திடப் பயிற்சி’ என்று பெயர் சூட்ட வேண்டியதில்லை. மருந்தென்று சொல்லி ஊட்டினால் தேனும் கசக்கும். வலியவன் எளியவனைத் துன்புறுத்தும்போது பெரியவர்கள் தலையிடத்தான் வேண்டும். மற்ற நேரங்களில் நாம் செய்யத்தக்கது ஒன்றே: நேர்மையாக ஆடுவது.

மறுவாரம் அம்மாவிடம் அவள் மீண்டும் தோற்றாள். மூன்று குழிகள் மூடின. உதட்டைக் கடித்துக்கொண்டு சற்று நேரம் பலகையையே பார்த்திருந்தாள். பிறகு, “பாட்டி, எனக்கு இன்னும் நாலு இருக்கு” என்று சொல்லிக் காய்களை எண்ணத் தொடங்கினாள்.