பனியும் பத்திரமும்

வெயிலுக்குப் பெயர்போன அமெரிக்க மாகாணமாகிய டெக்ஸாஸில் 2021 பிப்ரவரியில் உறைபனி சூழ்ந்தது. மின்சாரம் அற்றது; 45 லட்சத்திற்கு மேற்பட்ட வீடுகளும் ஸ்தாபனங்களும் இருளில் மூழ்கின. குழாய்களில் நின்ற ஜலம் உறைந்து, விரிந்து, அவற்றைப் பிளந்தது. வீடுகளுக்குள் நீர் கொட்டிச் சாமான்கள் பாழாயின. மாண்டவர் 246 பேர் என்பது மாகாண சர்க்காரின் கணக்கு.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். திடீரென வெடித்த குழாயின் நீரால் விளையும் நஷ்டத்திற்கு அங்குள்ள சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் ஈடு தருகிறது, மெய்தான். ஆனால் வீட்டை உஷ்ணமாக வைத்திருக்கத் தக்க சிரத்தை எடுத்திருக்க வேண்டும் என்பது பத்திரங்களில் வழக்கமாயுள்ள நிபந்தனை. மின்சாரத்தையே நிறுத்திவிட்டால் குடியானவன் எதைக் கொண்டு சிரத்தை காட்டுவான்? இத்தகைய நிபந்தனைக்கு அவனுக்கு அநுகூலமாகவே பொருள் கொள்வது நியாயம். வெள்ளத்திற்கோ தனிப் பத்திரம் வேண்டும். வாடகைக்கு இருப்பவர் கதி இன்னும் பரிதாபம். வீட்டுச் சொந்தக்காரரின் பத்திரம் கட்டடத்தைக் காக்குமேயன்றி அவருடைய சாமான்களைக் காவாது.

2011-லும் அங்கே குளிரால் மின்சாரம் தடைப்பட்டது. மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார் செய்யுங்கள் என்று விசாரணை செய்தவர்கள் யோசனை கூறினர். அதைக் கட்டாயமாக்கும் சட்டமோ 2021 ஜூனில்தான் வந்தது! பொறுப்புள்ளோர் பத்து வருஷம் உறங்கியதற்கு ஜனங்கள் பிரீமியம் கட்டுவதா? இன்ஷூரன்ஸ் அவசியமே, ஆயினும் அது ராஜாங்கக் கடமைக்குப் பிரதியாகாது. ஈட்டுத்தொகை இடிந்த சுவரை எழுப்பும். போன உயிரை எழுப்பாது.