கட்டுக்குள் எத்தனை கிலோ?

நாமக்கல்லிலிருந்து சேலம் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவர்கள், புதுச்சத்திரம் வருவதற்குள் ஒரு வைக்கோல் லாரியையாவது பார்த்திருப்பீர்கள். லாரி தெரியாது. மஞ்சள் நிறத்தில் ஒரு வீடு நகர்ந்து போகும். அடியில் எங்கேயோ டயர் சுற்றும். முன்பெல்லாம் அந்த வீட்டுக்குப் பின்னாலேயே ஊர்ந்து, தலையெல்லாம் தூசியாகி ஆபீஸ் போனால், 'என்னய்யா, களத்துமேட்டிலேர்ந்து நேரா வர்றியா?' என்பார் மானேஜர். நான்கு வழிச் சாலை வந்தபிறகு ஓவர்டேக் பண்ணிவிடுகிறோம். மானேஜருக்குக் கேட்க வேறு விஷயம் கிடைத்துவிட்டது.

இன்னொரு மாற்றத்தையும் கவனித்திருப்பீர்கள். வைக்கோல் உருண்டையாகிவிட்டது. கோரைப்பாயைச் சுருட்டிக் கயிறு கட்டின மாதிரி, அளவெடுத்துச் செய்த உருளைகள்.

புதுச்சத்திரம் பக்கம் பெரும்பாலும் மேட்டுக்காடு. மரவள்ளி, சோளம், நிலக்கடலை. மாட்டுக்குச் சொந்தச் சாப்பாடு என்றால் சோளத்தட்டும் கடலைக்கொடியும்தான். மழை ஏமாற்றினால் தட்டுப்போர் சீக்கிரமே தரையைத் தொட்டுவிடும். அப்புறம் கட்டுத்தரையில் நிற்கிற மாடு, தஞ்சாவூர்க்காரர் தயவில்தான் அசைபோட வேண்டும். அங்கே ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை. அந்த வைக்கோல் முசிறி, தொட்டியம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் பண்ணி இங்கே வந்து இறங்குகிறது. நம்மில் பலர் அவ்வளவு தூரம் போய்ச் சாப்பிட்டதில்லை.

உதிரி வைக்கோலை அப்படிக் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. லாரி நிரம்பிவிடும், எடை ஏறாது. பாதி வாடகை காற்றுக்குக் கொடுத்ததாக ஆகும். தவிர, கதிர் அறுக்கும் மெஷின் வைக்கோலை வயல் முழுக்கத் துப்பிவிட்டுப் போய்விடுகிறது; குனிந்து வாரிச் சேர்க்க ஆள் இல்லை. அதற்குத்தான் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற அந்த மெஷின். வரிசையாகக் கிடக்கிற வைக்கோலை வாரி வாயில் போட்டுக்கொள்ளும், வயிற்றுக்குள் சுருட்டும், கயிற்றைச் சுற்றும், பின்கதவைத் திறந்து கட்டை வெளியே தள்ளும். மாடு செய்கிற வேலையேதான், ஜீரணம் மட்டும் இல்லை.

நல்ல மெஷின், சந்தேகமில்லை. நான் சொல்ல வந்தது அதன் கணக்கை.

மெஷின்காரருக்குக் கூலி பெரும்பாலும் கட்டுக்கு இவ்வளவு என்றுதான். வியாபாரி வாங்குவதும் விற்பதும் கட்டுக் கணக்கில். ஆனால் மாடு தின்பது கிலோ கணக்கில்! மெஷினின் வயிறு ஒரே அளவு என்பதால் கட்டுகள் எல்லாம் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இறுக்கிச் சுருட்டினால் 25 கிலோ நிற்கும்; தளர்த்திச் சுருட்டினால் 15 கிலோகூடத் தேறாது. அதே வயலில் தளர்த்திச் சுருட்டினால் கட்டு எண்ணிக்கை கூடும். மெஷின்காரருக்கு லாபம், வியாபாரிக்கு லாபம். நஷ்டம் கடைசியில் நிற்கிற புதுச்சத்திரத்துக்காரருக்கு. அவருக்கும் இல்லை, பால் கறக்கிற அவர் சம்சாரத்துக்கு.

கேட்டுப் பாருங்களேன்.

"கட்டு எத்தனை கிலோ இருக்குமுங்க?"

"எடுத்துத் தோள்ல வையுங்க மாப்ள. முதுகு சொல்லும்!"

முதுகு சொல்லும் கணக்கை நம்பி எந்த ஆபீஸிலாவது வவுச்சர் பாஸ் ஆகுமா? பேச்சுக்கு ஒரு கட்டு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ இருந்தால் கிலோ 10 ரூபாய். 14 கிலோ இருந்தால் 14 ரூபாய்க்கு மேல். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ என்றால் மாதம் 150 கிலோ. முதல் கணக்கில் 1,500 ரூபாய், இரண்டாவதில் சுமார் 2,140. இரண்டு மாடு இருக்கிற வீட்டில் மாதம் 1,280 ரூபாய் ஒரு சத்தமும் இல்லாமல் காணாமல் போகிறது.

எடை மட்டும் போதாது, ஈரம் பார்க்க வேண்டும். பனியில் நனைந்ததைச் சரியாகக் காயவிடாமல் சுருட்டினால் தண்ணீருக்கும் சேர்த்து நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். வெளியே பொன்னாக மின்னும். கயிற்றை அறுத்து நடுவில் கையை விட்டால் சூடு அடிக்கும், சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சணம் இருக்கும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாட்டுக்கு நாசூக்கு ஜாஸ்தி. பசியில் தின்றுவிட்டால் வயிறு கெட்டு, பால் குறையும்.

வைக்கோலை எடை போடவே முடியாது என்பவர்களுக்கு ஒரு தகவல். பருவமழை பொய்த்து 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி என்று அறிவித்தார்களே, அப்போது அரசு திறந்த உலர் தீவனக் கிடங்குகளில் வைக்கோல் மானிய விலையில் கிலோ 2 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். கிலோ! அரசாங்கத்துக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

இந்த உருட்டல் வித்தை அமெரிக்காவிலிருந்து வந்தது. நெப்ராஸ்காவில் உம்மோ லூபென் என்பவர் 1910-ல் காப்புரிமை வாங்கினார். அவருடையது நம்முடையதைப் போலச் சின்னக் கட்டு. 1971-ல் அயோவாவில் கேரி வெர்மீர், ஒரே ஆள் சமாளிக்கட்டும் என்று பூதாகரமான கட்டுப் போடும் மெஷின் செய்தார். ஒவ்வொன்றும் அரை டன் வரும். டிராக்டரில் ஈட்டி மாதிரிக் கம்பியால் குத்தித் தூக்கிப்போய் இரும்பு வளையத்துக்குள் வைத்துவிட்டால், மாடுகள் சுற்றி நின்று பஃபே சாப்பிடும். ஆனால் உருண்டையானது உருளும். 2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெவான் பகுதியில், பிரபல இ.எல்.ஓ. இசைக்குழுவில் செல்லோ வாசித்த மைக் எட்வர்ட்ஸ் வேனில் போய்க்கொண்டிருந்தபோது, சரிவிலிருந்து உருண்டு வந்த கட்டு மோதி இறந்துபோனார். நம் கட்டு அப்படி உருளாது. நம் ஆபத்து தலைக்கு மேலே: உயரமாக ஏற்றின லாரி தாழ்வான மின்கம்பியில் உரசி எரிகிற செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது.

ஒரு வித்தியாசம். அவர்கள் பெரும்பாலும் சுருட்டுவது பதமாக அறுத்து உலர்த்திய புல், சத்துள்ளது. நம்முடையது நெல்லை உருவிக்கொண்டபின் மிஞ்சினது. புரதம் நூற்றுக்கு மூன்று, நாலுதான். வயிறு நிரம்பும், பால் நிரம்பாது. பசுந்தீவனமும் பிண்ணாக்கும் கூடவே வேண்டும். எனவே வைக்கோலில் ஏமாந்த ஆயிரம் ரூபாய், நேராகப் பிண்ணாக்கு மூட்டையிலிருந்துதான் கழிகிறது.

கட்டு வந்து இறங்கியதும் மண்ணில் போடாமல் கீழே கட்டையோ கல்லோ அடுக்கி, மேலே கூரையோ தார்ப்பாயோ போடச் சொல்லுங்கள். பிரித்ததும் கயிற்றை எண்ணி எடுத்துவிட வேண்டும். நைலான் கயிறாக இருந்து மாடு விழுங்கிவிட்டால் வயிற்றிலேயே தங்கிவிடும்; அப்புறம் டாக்டர் கத்தியோடு வரவேண்டியதுதான்.

இத்தனையும் பெங்களூர் ஆபீஸில் ஏ.சி. காற்றில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு எதற்கு? 'வக்கப்புல்லு எறக்கோணும், பணம் போடு கண்ணு' என்று ஊரிலிருந்து போன் வருவது உங்களுக்குத்தானே! அடுத்த முறை பணத்தோடு ஒரு தொங்கு தராசும் அனுப்புங்கள். லோடில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துக் கட்டை இழுத்து நிறுத்தால் சராசரி தெரிந்துவிடும். விலையை அப்புறம் பேசலாம். 'முப்பது வருசமா மாடு வச்சிருக்கறவன், எனக்குத் தெரியாதா?' என்று அப்பா கோபித்துக்கொள்வார். பரவாயில்லை. ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணினால், தராசைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரவல் வாங்கிக்கொண்டு போய் இன்னும் திருப்பித் தரவில்லை என்பார்.