யாருக்கு மந்த புத்தி?

தோழா!

மனித உரிமைக்கு மன்றம் அமைத்த கண்டம் ஐரோப்பா. அங்கே ஏறத்தாழ ஒரு கோடி மக்கள், பல நூற்றாண்டுகள் வாழ்ந்தும், நேற்று வந்த அந்நியர்போல் நடத்தப்படுகிறார்கள். 'ஜிப்சி' என்று ஊரார் ஏளனத்தோடு அழைத்த அம்மக்கள் தமக்கிட்டுக்கொண்ட பெயர் ரோமா. ஆயிரம் ஆண்டுகட்கு முன் இந்தியாவின் வடமேற்கிலிருந்து சென்றவர்களின் வழிவந்தோர் அவர்கள். தண்ணீரை இன்றும் 'பானி' என்றே சொல்கிறார்கள்!

அவர்களுக்கு அரசுகள் செய்த 'நன்மை' எத்தகையது? செக் நாட்டு ஓஸ்ட்ராவா நகரைப் பார். 1999-ல் அங்கே தொடக்கப்பள்ளி மாணவரில் ரோமா குழந்தைகள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. 'சிறப்புப் பள்ளி'யிலோ பாதிக்கு மேல் அவர்களே! சிறப்பு என்றதும் சீராட்டி வளர்த்தனரோ என்று எண்ணிவிடாதே. மந்த புத்தி உடையோருக்கென வைத்த பள்ளி அது! ரோமா வீட்டு வாழ்வையும் வழக்கையும் அறியாத ஒரு சோதனை. திகைத்து நின்ற பிஞ்சின் நெற்றியிலே 'மந்தம்' என்ற முத்திரை! பிறகு, தாழிட்ட எதிர்காலம்!

பதினெட்டுப் பிள்ளைகள் வழக்காடினர். உள்நாட்டு நீதிமன்றம் கைவிரித்தது. 2006-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் முதலில் கைவிரித்தது. அவர்கள் தளரவில்லை. 2007 நவம்பரில் அதன் பேரமர்வு, 13 நீதிபதிகள் ஒருபுறம், நால்வர் மறுபுறமாக, 'இது பாகுபாடே' என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் கையொப்பமிட்டனரே என்றது அரசு. விளக்கமின்றி அச்சிட்ட தாளில் பெற்ற கையொப்பம், உரிமையை விற்ற பத்திரமாகாது என்றது மன்றம்.

தீர்ப்புக்கு முன்பே, 2005-ல், பள்ளியின் பெயரை மாற்றியிருந்தார்கள். பலகை மாறியது; பாகுபாடு மாறவில்லை. 2014-ல் ஐரோப்பிய ஆணையமே அந்நாட்டின்மீது நடவடிக்கை தொடங்க நேர்ந்தது.

"அவர்களுக்கே படிப்பில் நாட்டமில்லை" என்று கூறுவோர் உண்டு. பள்ளியில் ஒரு சம இருக்கைக்காக எட்டு ஆண்டுகள் வழக்காடியவர்களுக்கா நாட்டமில்லை? மேலே இருப்பவன் 'தகுதி' என்ற தராசை எப்போது தூக்குவான் என்பது நீ அறியாததல்ல.

அதே நாட்டில் லெட்டி என்றொரு சிற்றூர். நாஜி ஆதிக்கத்தின்போது ரோமா மக்களை அங்கே முகாமில் அடைத்தனர். குழந்தைகள் உட்பட 300-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அந்த மண்ணிலே, 1970-களில், பன்றிப் பண்ணை எழுந்தது! 2017-ல்தான் அரசு அதை விலைக்கு வாங்க இசைந்தது; 2024-ல் நினைவிடம் திறந்தது. மாண்டவருக்கு மரியாதை கிடைக்கவே இத்தனை காலம் என்றால், வாழ்பவர் எவ்வளவு காத்திருப்பது?

2020-ல் ஐரோப்பிய ஆணையம் புதிய திட்டம் வகுத்தது. ரோமா குழந்தைகளைத் தனிப்பள்ளிகளில் ஒதுக்கும் கொடுமையை 2030-க்குள் பாதியாகக் குறைப்பார்களாம்! பாதி அநீதி, நீதியாகுமா? எஞ்சிய பாதியில் அகப்பட்ட பிள்ளைக்கு என்ன பதில்?

தோழா! பிச்சையிடும் கை எப்போதும் மேலேதான் இருக்கும். உரிமையோ ஒரே பலகையில் இருவரை அருகருகே அமர்த்தும். ரோமா தாய் கேட்பது அந்த ஒரு பலகையைத்தான். அதைத் தரத் தெரியாத அரசுகளுக்கன்றோ மந்த புத்தி!