வீட்டுக் கதவைச் சாத்தாதீர்கள்



நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயத்தை இன்று பேசப் போகிறேன். முகம் சுளிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

கோலாலம்பூர் சௌகிட் பக்கம் இரவில் போனவர்கள் திருநங்கைகளைப் பார்த்திருப்பீர்கள். "உழைக்க மனமில்லாமல் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டே கடந்தும் போயிருப்பீர்கள். அவர்களில் நம் இனத்துப் பிள்ளைகளும் உண்டு.

அவர்கள் அங்கே வந்து சேர்ந்த வழி என்ன? பையனாகப் பிறந்த பிள்ளை பெண்ணைப் போல நடக்கிறது. பள்ளியில் 'பொண்டான்' என்று கேலி, வீட்டில் அடி. எஸ்.பி.எம். எழுதுமுன்பே படிப்பு நின்றுவிடுகிறது. பிள்ளை பட்டணத்துக்கு பஸ் ஏறிவிடுகிறது.

அங்கே வேலை கேட்டால் அடையாள கார்டைக் கேட்கிறார்கள். கார்டின் கடைசி எண் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பெயரும் ஆண் பெயர். எதிரே நிற்பதோ பெண். "வேலை இல்லை, போ" என்கிறார் முதலாளி. வாடகைக்கு அறையும் கிடைப்பதில்லை. பசி காத்திருக்குமா? பிடிபட்டால் வழக்கு, அபராதம். அந்த அபராதத்தைக் கட்டவும் அதே தெருவில்தான் நிற்க வேண்டும்.

சிங்கப்பூரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கார்டில் பாலை மாற்றிக்கொள்ள 1973-லேயே வழி செய்தார்கள். இங்கே, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் ஒருவருக்கு 2016-இல் உயர் நீதிமன்றம் அந்த அனுமதியைக் கொடுத்தது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

சட்டம் நம் கையில் இல்லை. வீடு நம் கையில் இருக்கிறது. சில வீடுகளில் அந்தப் பிள்ளை அனுப்பும் பணம் மட்டும் வேண்டும். தங்கச்சி கல்யாணத்துக்கு அது வரக்கூடாது. இது என்ன நியாயம்?

அடிக்காதீர்கள். பேய் பிடித்தது என்று பூசாரியிடம் இழுத்துப் போகாதீர்கள். எஸ்.பி.எம். முடியும்வரை படிக்க வையுங்கள். தையலோ, பூக்கட்டுவதோ, பலகாரம் செய்வதோ, ஒரு கைத்தொழில் பழக்குங்கள். சொந்தத் தொழில் இருந்தால் கார்டை நீட்டிக்கொண்டு யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

பிள்ளை ஏற்கெனவே போய்விட்டதா? தீபாவளிக்கு வரச்சொல்லி ஒரு போன் போடுங்கள். பக்கத்து வீட்டார் கேட்டால், "எங்கள் பிள்ளை வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள்.