வீட்டுக் கணினியில் ஒரு குட்டி லினக்ஸ்

பதின்ம வயசுப் பிள்ளை உள்ள வீடா? பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுடாதீங்க. "நானே ஒரு லினக்ஸ் செய்யப் போறேன்" என்று கேட்டால் கொடுங்கள். ஆனால் முதலில் ஊர்ப் படங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். இந்த விளையாட்டில் டிஸ்க் துடைக்கப்படும்.

கன்டெய்னர் என்பது ஒரு செயலியையும் அதற்கு வேண்டிய கோப்புகளையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். 2013-இல் டாக்கர் வந்தபிறகு எங்கும் பரவியது. பொட்டலத்துக்குள்ளேயே எல்லாம் இருப்பதால், அதைச் சுமக்கும் லினக்ஸில் திரை அலங்காரம், பிரிண்டர், பாட்டு எதுவும் வேண்டாம். சாமான் குறைந்தால் புதுப்பிக்கும் வேலையும் குறையும், திருடன் நுழையும் வாசலும் குறையும்.

தொடங்கத் தேவை கெர்னல், பிஸிபாக்ஸ், கன்டெய்னரை ஓட்டும் மென்பொருள். பிஸிபாக்ஸ், 1990-களில் டெபியனை நிறுவும் கருவிகளை ஒரே ஃபிளாப்பியில் அடக்க புரூஸ் பெரன்ஸ் எழுதியது. நூற்றுக்கணக்கான கட்டளைகள் ஒரே கோப்பில் இருக்கும். கெர்னலைக் கட்டும்போது நேம்ஸ்பேஸ், சிகுரூப் வசதிகளை விட்டுவிட்டால் கணினி எழும், கன்டெய்னர் எழாது.

இன்னொரு பொறி: ஆல்பைன் போன்ற குட்டி லினக்ஸில் ஜிலிப்சிக்குப் பதில் மஸ்ல் என்ற நூலகம் இருக்கும். ஜிலிப்சிக்காகக் கட்டிய நிரலை ஓட்டினால், கோப்பு கண்முன்னே இருக்க, "கோப்பு இல்லை" என்று சொல்லும். பிள்ளை மண்டையை உடைத்துக்கொள்ளும். உண்மையில் காணாமல் போனது அந்த நிரல் இல்லை, அதை ஏற்றிவிடும் லோடர்.

சோதனையை நேரே லேப்டாப்பில் செய்ய வேண்டாம். கியூஎம்யூ என்ற இலவச மென்பொருள் கணினிக்குள் ஒரு பொய்க் கணினியைத் தரும். அது கெட்டால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

"அப்பா, ஓடுது!" என்று ஓடி வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். நிரல் எழுதத் தெரியணும்னு இல்லை.

பவரைப் பிடுங்கிட்டுப் போட்டா தானா எழுமா? ஒரு கன்டெய்னர் மெமரி முழுவதையும் தின்னப் பார்த்தா மத்ததுக்கு என்ன ஆகும்? நாளைக்கு வேற கணினியில இதையே திரும்பக் கட்ட முடியுமா?

ஒருமுறை ஓடியதற்கும் நம்பி ஓட்டுவதற்கும் உள்ள தூரம் அந்தப் பதில்களில் தெரியும். பதிலைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கெர்னல் கெர்னலாகவே இருக்கட்டும், பரவாயில்லை.